பின் பெஞ்சின் வருகை

"மறியல். ஒருவரும் வரவில்லை." எங்கள் பள்ளியின் 1987ஆம் ஆண்டு வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் இப்படி எழுதியிருக்கிறது. பழைய காகிதக் கடையில் இன்று அதைப் படித்தேன். அது பொய்.

கள்ளக்குறிச்சியில் இன்று தடமே இல்லாத அந்தத் தகரக் கொட்டகைப் பள்ளியில், இங்கிலீஷ் வாத்தியார் வகுத்த முறைப்படி, நிலக்காரர் வீட்டுப் பிள்ளைகள் முன் பெஞ்சிலிருந்து 'டிசைட்' (முடிவெடு), 'ரெஃப்யூஸ்' (மறு) என்று வினைச்சொல்லைக் கத்த, கூலிக்காரர் வீட்டிலிருந்தும் மலையிலிருந்தும் வந்த நாங்கள் பின்னாலிருந்து 'டிசிஷன்', 'ரெஃப்யூசல்' என்று அதிலிருந்து பிறக்கும் பெயர்ச்சொல்லை மட்டுமே கத்துவோம். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தவர்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்ட அன்று பஸ் ஓடவில்லை. முன் பெஞ்சு காலி. பின் பெஞ்சில் ஆறு பேர் இருந்தோம். வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது என்று பயந்து, கல்வராயன் மலையிலிருந்து முந்தின நாளே நடக்கத் தொடங்கிய பொன்னியும் இருந்தாள்.

"ஆளே இல்ல, இன்னா கிளாஸ்? போங்க" என்றார் வாத்தியார்.

"நாங்க வந்துக்கிறமே சார், நாங்க ஆளு இல்லீங்களா?" என்றாள் பொன்னி.

"வாய் ஜாஸ்தியாயிடுச்சு உனுக்கு."

அவள் எழுந்து போய் முன் பெஞ்சில் உட்கார்ந்து "ரெஃப்யூஸ்" என்று கத்தினாள். நாங்கள் ஐவரும் "ரெஃப்யூசல்" என்று தகரம் அதிரப் பதில் சொன்னோம். அவர் பதிவேட்டை மூடிக்கொண்டு போனார்.

அந்த வருடம் பொன்னிக்குப் பரீட்சை எழுத ஹால் டிக்கெட் வரவில்லை. இந்த ஒரு நாள் குறைந்ததால்தானா என்பதை இன்னும் என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.