எனக்குப் பின்னால் நடந்தவர்

போர்ட் பிளேரில் குரங்குக் குல்லா விற்கிற கடையை நான் பார்த்ததில்லை. வருஷம் முழுக்க வியர்வையும் மழையும் மாறி மாறி நனைக்கிற ஊரில் கம்பளிக்கு என்ன வேலை? ஆனால் எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. கண்ணைப் பறிக்கிற சிவப்பு, தாடைக்குக் கீழே ஒரு பித்தான் போயிருக்கும், உச்சியில் அசட்டுத்தனமாக ஒரு குஞ்சம். காலையில் ஹேடோ ஏற்றத்தின் அடியில் உள்ள மதகுச் சுவரில் நான் உட்காரும்போது அது என் மடியில் இருக்கும். மீன் கூடையோடு அந்த வழியாகப் போகிற வங்காளத்து அம்மாள் ஒரு நாளும் என்னைச் சும்மா விட்டதில்லை. "க்யா தீதி, தண்ட் லக்தா ஹை?" என்று கேட்பாள். இந்தப் புழுக்கத்தில் குளிருகிறதா என்று கேட்டது அவளுக்கே சிரிப்பாக இருக்கும். கூடை குலுங்கச் சிரித்துக்கொண்டே போவாள். நானும் சிரித்து வைப்பேன். இந்தியில் இந்தக் கதையைச் சொல்லி முடிக்க எனக்குத் தெம்பு கிடையாது. தமிழிலாவது ஒரு தடவை சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

குல்லா என் கணவருடைய அத்தையுடையது. அதற்கு முன்னால் கணவரைச் சொல்ல வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸ் தெருவில் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் ஆண்கள் பத்தடி முன்னால் போவார்கள். பெண்கள் பையும் பிள்ளையுமாகப் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். என் அப்பாவும் அப்படித்தான். இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து ஹேடோ துறைமுகத்தில் மூட்டை இறக்கிய மனிதர், அம்மா பின்னால் வருகிறாளா என்று வாழ்நாளில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். என் கணவர் இதற்கு நேர்மாறு. கல்யாணமான மறுநாளிலிருந்து நான் முன்னால், அவர் பின்னால். பஸ்ஸில் நான் ஏறிய பிறகுதான் ஏறுவார். கோயிலில் என் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் சாமி கும்பிடுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள், "உங்க வீட்டுக்காரருக்கு எவ்ளோ மரியாதை பாருங்க" என்று பெருமூச்சு விட்டார்கள். எனக்கோ போலீஸ்காரர் கைதியைக் கூட்டிப் போகிற மாதிரி இருந்தது. ஏன் என்று கேட்டால், "நீ நட" என்பார். அவ்வளவுதான் பதில் வரும்.

நான் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தவள். வரிசையில் நிற்பவர்கள் அவசரப்பட்டால் எனக்கு அதைவிட அவசரம் வரும். உட்கார்ந்த இடத்தில் கால்மணி நேரம் இருந்தால் கால் நமநமக்கும். அப்படிப்பட்டவளுக்குப் பின்னால் ஒரு மனிதர் நிழலாக வந்துகொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? ஒரு நாள் பொறுக்க முடியாமல் நடுத்தெருவில் நின்று சண்டை போட்டேன். அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் நடந்ததைச் சொன்னார்.

அவருடைய தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன குடும்பம். அங்கிருந்து திருப்பி அனுப்பியபோது அத்தை குடும்பத்துக்கு நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. இவருடைய அப்பாவுக்குக் கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் கிடைத்தது. தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் தங்கை, ஆளுக்கொரு மலை, நடுவில் ஒரு கடல். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை இவரும் இவருடைய அம்மாவும் கரையோரம் தெரிந்தவர் வீட்டில் இருந்திருக்கிறார்கள். பூமி ஆடி அடங்கி, கடல் உள்வாங்கி, எல்லோரும் கத்திக்கொண்டு மேட்டை நோக்கி ஓடியபோது இவர் முன்னால் ஓடிக் கொடியையும் முள்ளையும் கையால் விலக்கி வழி செய்துகொண்டே போயிருக்கிறார். மேலே ரப்பர் மரங்களுக்கு நடுவில் நின்று திரும்பிப் பார்த்தபோது அம்மா இல்லை. அவர்கள் ஏறி வந்த வழியும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினார். அதற்குப் பிறகு நான் நடையைப் பற்றிப் பேசவே இல்லை.

நிவாரண முகாமுக்காகப் போர்ட் பிளேர் வந்தவருக்கு இங்கே துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை கிடைத்தது. மேலே தனியாக உட்கார்ந்து ஓட்டுகிற வேலை. அங்கே யாரும் பின்னால் வர வேண்டியதில்லை, அதனால் பிடித்திருந்ததோ என்னவோ. ஆனால் ராத்திரி கட்டில் கொஞ்சம் அசைந்தாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இந்த ஊரில் பூமி அடிக்கடி லேசாகச் சிலிர்த்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் என்னைக் கையைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டு ஏற்றத்தில் ஓடவைப்பார். இப்படி ஓடி ஓடித்தான் எங்களுக்கு ஓட்டம் பழகியது என்றால் நம்புவீர்களா? பிறகு பூமி ஆடாத நாளிலும் விடியற்காலையில் ஓட ஆரம்பித்தோம். ஹேடோவிலிருந்து புரோத்ராபூர் வரை போய்த் திரும்புவோம். அங்கே வயலில் இருப்பவர்கள் முதலில் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்புறம் எங்களைப் பார்த்து நேரம் தெரிந்துகொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை போன் செய்து, கோத்தகிரிப் பக்கம் ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது, அவர்கள் எஸ்டேட் வழியாகத்தான் போகிறது, நீங்கள் இரண்டு பேரும் வரக்கூடாதா என்று கேட்டார். அரை மராத்தான். மலையில் ஏறி, மேலே ஒரு கோயில் வாசலைச் சுற்றிக்கொண்டு, அதே சாலையில் இறங்க வேண்டும். என் கணவர் போனை வைத்துவிட்டு, "போவமா?" என்றார். எனக்குத் தெரிந்து அவர் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் காரியம் அது. அதற்கப்புறம் ஒரு மாதம் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கும்தான்.

மெயின்லேண்ட் போகிற கப்பலில் ஏறியதிலிருந்து எனக்கு உடம்பு சரியில்லை. முதலில் கடல் குமட்டல் என்று நினைத்தேன். சென்னையில் இறங்கியபோது தொண்டை கரகரத்தது. கோத்தகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது குளிர் எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டது. பிறந்ததிலிருந்து குளிர் என்றால் ஐஸ் தண்ணீர் என்று மட்டுமே தெரிந்த உடம்பு அது. அத்தை என்னைப் பார்த்ததும், "என்னம்மா இப்படி வெடவெடங்கிறே, இந்தத் தேத்தண்ணியைக் குடி" என்று இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார். தன் சிவப்புக் குல்லாவைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தேன். சர்க்கஸில் சைக்கிள் விடுகிற குரங்கு நேரில் வந்து நின்றது. "இதைப் போட்டுக்கிட்டு நான் ஓட மாட்டேன்" என்றேன். காய்ச்சல் இருப்பது எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே மூட்டையைக் கட்டிவிடுவார். அவர் ஆசைப்பட்ட ஒரே ஒரு காரியம் என் மூக்கு ஒழுகுவதால் கெட்டுப்போவதா?

காலையில் மூச்சு விட்டால் புகையாக வந்தது. கூட்டத்தோடு கிளம்பினோம். வழக்கம்போல நான் முன்னால், அவர் பின்னால். குல்லாவை இடுப்பில் செருகியிருந்தேன். முதல் வளைவிலேயே எடுத்து மாட்டிக்கொண்டேன். தேயிலைச் சரிவுகள் ஈரமாகப் பளபளத்தன, அழகாகத்தான் இருந்திருக்கும், நான் பார்த்தது தார்ச்சாலையை மட்டும்தான். நெற்றி கொதித்தது, முதுகு நடுங்கியது, இரண்டும் ஒரே உடம்பில் எப்படி நடக்கிறது என்று எனக்கே கோபம். வயசானவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். என் கணவருடைய காலடி பின்னால் தப்பாமல் கேட்டது. அந்தக் காலடியில் எவ்வளவு வேகம் அடங்கிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். நினைத்தால் ஹேடோ ஏற்றத்தில் பையன்களையே திணறவைக்கக்கூடிய கால்கள், எனக்காக நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தன.

பாதி ஏற்றத்துக்கு மேல் முடியவில்லை. சாலையோரம் தண்ணீர் கொடுக்கிற மேசை ஒன்று இருந்தது; அதன் பக்கத்தில் ஒரு மதகுச் சுவர். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார்.

"ஏலலைன்னு சொல்லக்கூடாதா? வா, திரும்பிருவம்."

"நீங்க எதுக்குத் திரும்பணும்? நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாலயே வரேன்."

இதில் என்ன இருக்கிறது? யாரும் யாரிடமும் சொல்கிற வார்த்தை. ஆனால் அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது, காய்ச்சல் எனக்கா அவருக்கா என்று ஆகிவிட்டது. தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அம்மாவும் இதைத்தான் சொல்லிச்சு. 'நீ போடா, நான் பின்னாலயே வாறேன்.' அதை நம்பித்தான் நான் ஓடினேன்."

அந்த வார்த்தைகளை அவர் அதுவரை எனக்குச் சொன்னதில்லை. வேறு யாருக்கும் சொல்லியிருப்பார் என்றும் தோன்றவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதால் இவர் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார், அதோடு முடிந்தது. ஆயுசுக்கும் என் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பார். எப்படி அந்த யோசனை வந்ததோ, மதகுச் சுவரில் ஏறி உட்கார்ந்தேன்.

"சரி, நான் பின்னால வரல. ஒரு அடிகூட வர மாட்டேன். இதே கல்லுல உட்கார்ந்திருப்பேன். நீங்க மேல போயிட்டு இதே ரோட்லதானே வரணும்? திரும்பி வந்து பாருங்க, இங்கதான் இருப்பேன். இவ்வளவுதான்."

என்னையும் அந்தக் கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். உட்கார்ந்த இடத்தில் இருக்கத் தெரியாதவள் சொல்கிறாளே என்று யோசித்திருப்பார். "இருப்பியா?" என்றார். "குல்லா மேல சத்தியமா" என்றேன். எழுந்தார். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார். இன்னும் நாலடி, மறுபடியும் பார்த்தார். வளைவில் மறைகிறவரை ஓடினது பாதி, திரும்பினது பாதி.

அதற்கப்புறம்தான் எனக்குச் சோதனை. மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி எதிர்ப்பக்கத் தேயிலையை மூடியது. தண்ணீர் கொடுக்கிற கல்லூரிப் பெண் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஆம்புலன்ஸைக் கூட்டிவந்தாள். "அக்கா, உடம்பு நெருப்பாக் கொதிக்குது, ஏறுங்க" என்றாள். மாட்டேன் என்றேன். கீழே முடிகிற இடத்தில் உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ளலாம், நாங்கள் அவரிடம் சொல்லிவிடுகிறோம் என்றார் டிரைவர். "சொன்னா பத்தாதுங்க, அவர் பார்க்கணும்" என்றேன். அவருக்கு என்ன புரிந்திருக்கும்? ஜன்னி கண்டுவிட்டது என்று நினைத்திருப்பார். ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்திக்கொண்டார்.

உட்கார்ந்தேன். பல் கிட்டித்தது. காலெல்லாம் ஓடு ஓடு என்றது, வண்டியில் ஏறு என்றது, வளைவு வரை போய் எட்டிப்பாரேன் என்றது. பனியிலிருந்து ஒவ்வோர் ஆளாக வந்தார்கள். ஒவ்வோர் உருவத்துக்கும் எழுந்து, அவர் இல்லை என்று தெரிந்து உட்கார்ந்தேன். திடீரென்று பகீரென்றது. இந்தப் பனியில் அவர் வந்தாலும் நான் இருப்பது எப்படித் தெரியும்? மதகுச் சுவர் வெறுமையாகத் தெரிந்தால் என்ன ஆகும்? கம்பளியை உதறிவிட்டுச் சுவர்மேல் ஏறி நின்றேன். குல்லாவைக் கழற்றிக் கையில் உயர்த்திப் பிடித்தேன். அந்தக் கல்லூரிப் பெண் என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஊர் பேர் தெரியாத அந்தப் பெண்ணை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

வந்தார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பார்ப்பதற்குப் பயந்தவராக வந்தார். பிறகு நிமிர்ந்தார். குல்லாவைப் பார்த்துவிட்டார் என்று அவர் ஓட்டத்திலேயே தெரிந்தது. நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"இருக்கியா?"

"பின்னே எங்க போவேன்? சொன்னேன்ல?"

குனிந்து ஷூ கயிறு கட்ட ஆரம்பித்தார். கயிறு அவிழ்ந்திருக்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் குல்லாவை அவர் தலையில் மாட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. பிறகு, "நான் இந்த வண்டியில வரேன், நீங்க மீதியை ஓடி முடிங்க" என்றேன். வண்டி எண்ணைப் பார்த்துக்கொண்டார், டிரைவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார், என்னைப் பார்த்தார். குல்லாவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். இறக்கத்தில் அந்தக் கால்கள் முதல் தடவையாக முழு வேகத்தில் போவதைப் பார்த்தேன். வளைவு வரை பார்த்தேன். அவர் திரும்பவே இல்லை.

வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்கு முழங்கால் போய்விட்டது. அவர் மட்டும் ஓடுகிறார். நான் ஹேடோ மதகில் குல்லாவோடு உட்கார்ந்திருப்பேன். அவர் ஏற்றத்தில் ஏறி இறங்கி வருவார், நான் குல்லாவைத் தூக்கிக் காட்டுவேன், அவர் தலையசைப்பார், இன்னொரு சுற்றுக்குப் போவார். கடைத்தெருவுக்குப் போனால் இப்போதெல்லாம் மற்ற வீட்டு ஆண்களைப் போலவே பத்தடி முன்னால் போகிறார். "மெதுவாப் போங்களேன்" என்று நான் கத்த வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் முன்னே சொன்ன மரியாதைப் பேச்சை இப்போது எடுப்பதில்லை.

நேற்று இறங்கி வந்தவர் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலைப் பார்த்தபடி, ஏதோ யோசனையில் என்னைத் தாண்டிப் போய்விட்டார். நான் இருக்கிறேனா என்று பார்க்க மறந்துவிட்டார். தூக்கிய குல்லாவோடு என் கை அந்தரத்தில் நின்றது. மீன்கார அம்மாள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபத்தோடு கண்ணும் நிறைந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் யார்மேலும் கோபப்பட்டதில்லை.