குறைத்துப் போட்ட மருந்து

செபஸ்டியனுக்குக் கண் போய்விட்டது என்று துப்பாக்கி சுடுகிற சங்கத்தில் முதலில் சொன்னது யார் என்று கேட்டால், ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லார் வாயிலும் அதுதான். பாவம், அறுபத்திரண்டு வயசு, போன மாதம்தான் கண்புரை எடுத்தார், இனி இருநூறு மீட்டரில் என்ன தெரியப்போகிறது என்று அவர் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள். அவரும் அதை நம்பத்தான் பார்த்தார். அன்றைக்குச் சுட்ட இருபதில் ஆறு, தாளிலேயே விழவில்லை.

ஆள் யாரென்று சொல்ல வேண்டும். புதுச்சேரிக்காரர். இருபது வயசில் பிரெஞ்சுப் பட்டாளம், அப்புறம் பிரெஞ்சுத் தலைநகரிலேயே நகரசபை உத்தியோகம், இப்போது ஓய்வு. லா சப்பல் மெட்ரோவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்கிற தெருவில், ஒரு சேலைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் வீடு. குடி கிடையாது, சீட்டு கிடையாது. சுடுகிற பைத்தியம் ஒன்றுதான். அதுவும் லிசான்ஸ் என்கிற அனுமதி அட்டை வைத்து, துப்பாக்கியை இரும்புப் பெட்டியில் பூட்டி, எல்லாம் சட்டப்படி. காகிதத்தைத் தவிர வேறொன்றை அவர் சுட்டதே இல்லை. அவர் மனைவி மதலேன் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள், காகிதத்தில் ஓட்டை போடவா இவ்வளவு சாமான் என்று.

அவருக்கு ஒரு கூட்டாளி உண்டு. ழான்-லூக் என்று ஒரு வெள்ளைக்காரன், நகரத்துக்கு வெளியே ஸ்தேனில் குழாய் வேலை செய்தவன். பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஜோடி. வருஷத்துக்கு ஒருமுறை வட்டாரப் போட்டிக்குச் சங்கம் ஒரே ஒரு ஜோடியைத்தான் அனுப்பும். பதினோரு வருஷமும் இவர்கள்தான் போனார்கள். மதலேன் பிரியாணி செய்கிற ஞாயிறுகளில் அவனுக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுவாள்.

இரண்டு பேருடைய துப்பாக்கியும் சின்ன ரகம். செபஸ்டியனுடையது இருநூற்று இருபத்திரண்டு, ழான்-லூக்குடையது இருநூற்று இருபத்துமூன்று. எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம், ஆனாலும் ஒன்றின் தோட்டா மற்றதற்கு ஆகாது. தோட்டாவின் பித்தளைக் கூடு வேறு. ஆனால் குழலின் அகலம் ஒன்று என்பதால் முனையில் செருகுகிற குண்டு இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம். அடியில் பொருத்துகிற, மருந்தைப் பற்றவைக்கிற அமோர்ஸ் ஒன்றாக இருக்கலாம். உள்ளே போடுகிற வெடிமருந்தும் ஒரே டப்பாவிலிருந்து எடுக்கலாம், அளவுதான் வேறு. கடையில் விற்கிற தோட்டாவை வாங்காமல், சுட்ட கூட்டையே எடுத்துத் துடைத்து, தாங்களே நிரப்பிக்கொள்கிறவர்கள் இவர்கள். ஆகவே முதல் வருஷமே உட்கார்ந்து, இரண்டுக்கும் பொதுவாக எது சரிவரும் என்று பார்த்தார்கள்.

மருந்தும் அமோர்சும் சுலபமாக முடிந்தது. குண்டில்தான் பிடிவாதம் வந்தது. செபஸ்டியன் துப்பாக்கி பழசு. அதன் குழலுக்குள் திருகுபோல் ஓடுகிற புரி தளர்வு. கட்டையான லேசான குண்டைத்தான் அது ஒழுங்காகச் சுழற்றி அனுப்பும். நீளமான கனத்த குண்டைப் போட்டால் சுழற்சி போதாது, குண்டு ஆகாயத்தில் தடுமாறிக் குறுக்காகப் போய் விழும். ழான்-லூக்கின் புரி நெருக்கம். கனத்த குண்டுதான் அதற்கு இஷ்டம், லேசானதையும் பரவாயில்லாமல் போடும். கடைசியில் அவன்தான் விட்டுக்கொடுத்தான். லேசான குண்டு என்று முடிவாயிற்று. ஐரோப்பாவின் கிழக்கே போர் தொடங்கி மருந்தும் அமோர்சும் கடைகளில் அருமையாகிப் போனபோது, பொதுவாக வைத்தது எவ்வளவு நல்லது என்று இரண்டு பேரும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்.

புதன்கிழமைதோறும் ழான்-லூக் வீட்டுக் கராஜில் வேலை. ஒருவர் நிறுப்பார், மற்றவர் பார்ப்பார். பெட்டிக்குள் ஒரு சீட்டு வைப்பார்கள்: குண்டு எவ்வளவு, மருந்து எவ்வளவு, தேதி என்ன. சீட்டில்லாத பெட்டியை இரண்டு பேரும் தொடமாட்டார்கள்.

இந்த வருஷம் கண் அறுவை வந்தது. குனியாதே, பாரம் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். ழான்-லூக் வந்து பார்த்து, செப், நீ படு, உன் பெட்டியையும் நானே நிரப்பிவிடுகிறேன் என்றான். அப்படித்தான் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, செபஸ்டியன் பார்க்காமல் அவருடைய தோட்டா தயாரானது. சீட்டு இருந்தது. வழக்கமான குண்டு, வழக்கமான மருந்து என்று ழான்-லூக்கின் கையெழுத்தில் இருந்தது.

அந்தத் தோட்டாவை எடுத்துக்கொண்டுதான் அந்த ஞாயிறு தேர்வுக்குப் போனார். தோற்றார். ழான்-லூக் முதலாவது, எரிக் என்று புதிதாகச் சேர்ந்த பையன் இரண்டாவது; முதல் இரண்டு பேர்தான் இந்த வருஷத்து ஜோடி. ழான்-லூக் இவர் தோளில் கை போட்டு, எல்லாருக்கும் ஒரு நாள் வரும் செப் என்றான். அந்தக் கையை இவர் நன்றியோடு தட்டிக்கொடுத்தார்.

ஆனாலும் மனுஷனுக்கு மனசு ஆறவில்லை. செயலாளர் ஸ்டெஃபானியிடம் போய், என் தாளை ஒரு தரம் காட்டு அம்மா என்று கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்தாள். ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். கண் கெட்டவன் சுட்டால் துளை இங்கும் அங்கும் சிதறும், ஆனால் ஒவ்வொன்றும் உருண்டையாகத்தான் இருக்கும். இந்தத் தாளில் துளைகள் நீளம் நீளமாக, புளியங்கொட்டையைப் படுக்கவைத்த மாதிரி கிழிந்திருந்தன. குண்டு குறுக்காகப் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்தார். சுத்தி போல ஒரு சாமான் உண்டு, அதற்குள் தோட்டாவை வைத்துத் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். மிச்சமிருந்ததில் மூன்றைக் கழற்றினார். நிறுக்கிற தராசு கராஜில் இருந்தது. எனவே குண்டுகளையும் மருந்தையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கத்தில் நகைக்கடை வைத்திருக்கிற குகதாசனிடம் போனார்.

குகதாசன் யாழ்ப்பாணத்துக்காரர். பொட்டலத்தைப் பிரித்தவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"செபஸ்டியன் அண்ணை, இது பவுன் நிறுக்கிற தராசு. என்ரை கடையைக் கிளப்பிப்போடுமோ?"

"நெருப்புக் காட்டாத வரைக்கும் சும்மா கிடக்கும். நிறுங்க."

"நீங்கள் சொல்லுறியள். என்ரை மனிசிக்கு ஆர் சொல்லுறது?"

சொல்லிக்கொண்டே நிறுத்தார். மூன்றரைக் கிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டிய குண்டு நாலரையைத் தொட்டது. மூன்றும் அப்படித்தான். கனத்த குண்டு.

பெட்டி மாறியிருக்கும், அவன் கை தவறியிருக்கும் என்றுதான் செபஸ்டியன் அப்போதும் நினைத்தார். அப்படி நினைக்க ஆசைப்பட்டார் என்று சொல்லலாம். பிறகு மருந்தை நிறுத்தார்கள். வழக்கத்தைவிடக் குறைவு. மூன்றிலும் ஒரே அளவு குறைவு.

அவர் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். குகதாசன் தண்ணீர் கொண்டுவந்து, மருந்து குறைஞ்சால் நல்லதுதானே அண்ணை, ஆபத்தில்லையே என்று கேட்டார். ஆபத்தில்லை என்பதுதான் விஷயம். கனத்த குண்டுக்குப் பழைய அளவு மருந்தைப் போட்டால் அழுத்தம் ஏறும், துப்பாக்கி முகத்திலேயே வெடித்தாலும் வெடிக்கும். கை தவறிக் குண்டு மாறியிருந்தால் மருந்து பழையபடியே இருந்திருக்கும். குறைத்திருக்கிறான் என்றால், என்ன குண்டு போடுகிறோம் என்று தெரிந்து, இவருக்கு அடிபடாமல், ஆனால் தோற்கிற மாதிரி, உட்கார்ந்து கணக்காகப் போட்டிருக்கிறான்.

மறுநாளே ஸ்தேனுக்குப் போனார். ழான்-லூக் கராஜில் இருந்தான். இவர் ஒன்றும் கத்தவில்லை. சீட்டையும் மூன்று குண்டுகளையும் மேசைமேல் வைத்தார். அவன் அவற்றைப் பார்த்தான், பிறகு கராஜ் கதவைப் பார்த்தான். முதலில் மாறிப்போச்சு என்றான். மருந்தையும் நிறுத்தேன் என்று இவர் சொன்னதும் அவன் அந்தச் சீட்டை எடுத்து மடித்தான்.

பிறகு அவனே சொன்னான்.

"உன்னை விலகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயே கண்ணைக் காரணம் காட்டி விலகிவிடுவாய் என்று நினைத்தேன். அதில் உனக்கும் அவமானமில்லை."

"ஊரெல்லாம் என்னைக் குருடன் என்கிறார்கள். இதைவிட என்ன அவமானம்?"

"பதினோரு வருஷம் உன் துப்பாக்கிக்காக நான் அந்த லேசான குண்டைச் சுட்டேன், செப். காற்று அடித்த வருஷமெல்லாம் அது தள்ளிப்போய்த் தோற்றேன். எரிக்கின் துப்பாக்கியும் என்னுடையதும் ஒரே ரகம், கனத்த குண்டே போடலாம். ஒரு தரமாவது ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது."

"இதை ஒரு புதன்கிழமை இந்த மேசையில் சொல்லியிருந்தால், அன்றைக்கே எனக்கு வேறு, உனக்கு வேறு என்று வாங்கியிருப்போமே."

அவன் ஒரு பேரம் பேசினான். தோட்டாக் கோளாறு என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சங்கம் மறுபடி சுட விடும். நீ ஜெயிப்பாய், உன் இடம் உனக்கு, பழையபடி நாம் இரண்டு பேரும் போகலாம், எரிக்கிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றான்.

செபஸ்டியனுக்கு அந்த இடம் வேண்டும். அதை மறைக்க வேண்டியதில்லை. வட்டாரப் போட்டிக்காகத்தான் கண் அறுவையையே முன்கூட்டிச் செய்துகொண்டவர். வீட்டுக்கு வந்து மதலேனிடம் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. கையெழுத்துப் போட்டால் இடம் கிடைக்கும், ஆனால் அந்த ஆள் நிரப்பின தோட்டாவை நிறுத்துப் பார்க்காமல் உங்களால் இனிமேல் சுட முடியுமா என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை சங்கத்தில் ஸ்டெஃபானி தோட்டாக் கோளாறு பற்றிய காகிதத்தை எடுத்து வைத்தாள். அதில் இரண்டு கட்டம். தவறுதலாக நடந்தது என்று ஒன்று, தெரிந்தே செய்தது என்று மற்றொன்று. முதல் கட்டத்தில் ழான்-லூக் ஏற்கெனவே கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டிருந்தான். பக்கத்தில்தான் நின்றான். ஸ்டெஃபானி பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

இவர் இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டார்.

அப்படிப் போட்டால் இந்த வருஷத்து ஜோடியே ரத்தாகும், விசாரணை வரும், இந்த வருஷம் சங்கத்திலிருந்து ஒருவரும் போக முடியாது என்று அவள் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். தெரியும் அம்மா என்றார். ழான்-லூக், செப், யோசி என்றான். எரிக் வாசலில் நின்று, கிழவன் தனக்குக் கிடைக்காததை யாருக்கும் விடமாட்டான் என்று இன்னொருவனிடம் சொன்னது உள்ளே கேட்டது. செபஸ்டியன் தன் பெயரை முழுசாக, நிதானமாக எழுதினார். பேனாவை மூடி ஸ்டெஃபானியிடம் கொடுத்தார். ழான்-லூக் நீட்டின கையைப் பார்த்துக்கொண்டே கோட்டு பொத்தானைப் போட்டார், கடைசிப் பொத்தான் வரைக்கும்.