மாப்பிள்ளை வரவேண்டிய வண்டி

மெக்கானிக் தொழில்ல ஒரு சாபம் இருக்குது: வண்டி ஓடினா டிரைவர் கெட்டிக்காரன், நின்னுபோனா மெக்கானிக் கையாலாகாதவன். பட்டறை வெச்சுப் பொழைக்கிற அண்ணன் தம்பிங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்ல. அறுபதுகளோட கடைசியில சின்ன காஞ்சிபுரத்துல எனக்கு ஒரு பட்டறை. நான் இன்ஜினைப் பார்ப்பேன். காசிம் பாய் டிங்கர் வேலையும் பெயின்டும் பார்ப்பாரு. அப்ப ஒரே ஒரு வண்டி எங்க ரெண்டு பேர் உசுரையும் வாங்கின கதைதான் இது.

கோழியும் கூட வந்தது

டிரைவர் ஏகாம்பரத்தை எங்க ஊர்ல தெரியாதவங்க கிடையாது. மேல மூடி இல்லாத பழைய சீமைக் கார் ஒண்ணு அவருகிட்ட இருந்துது. மாப்பிள்ளை அழைப்புன்னா அந்த வண்டிதான். ஊருல பாதிப் பேரு மாப்பிள்ளையா அதுல உக்காந்து மாலையும் கழுத்துமா வந்தவங்கதான். அவரு காலமானப்புறம் வண்டி வேப்பமரத்தடியில அப்படியே கிடந்துது. ஒருநாள் அவரு சம்சாரம் கன்னியம்மாக்கா அதை மாட்டு வண்டியில கட்டி இழுத்துக்கினு பட்டறைக்கு வந்துட்டாங்க.

பொண்ணு வசந்தாவுக்குச் செவிலிமேட்டுல மாப்பிள்ளை பார்த்தாச்சாம். மாப்பிள்ளையோட அத்தை, "அப்பன் இல்லாத பொண்ணு. முன்ன நின்னு யாரு செய்யப் போறாங்க?"ன்னு ஒரு வார்த்தை விட்டுடுச்சாம். அக்காவுக்கு அது முள்ளா குத்திடுச்சு. "எத்தினி பேரு வூட்டு மாப்பிள்ளைய அழைச்சாந்தாரு அவரு! எம் பொண்ணு மாப்பிள்ளையும் அவரு வண்டியிலதான் வரணும்பா. அந்தக் கொறை தெரியக்கூடாது"ன்னு சொல்லும்போதே குரல் உடைஞ்சு போச்சு. சரிக்கான்னு சொல்லிட்டுப் பின்சீட்டைப் பார்த்தா, அங்க ஒரு கோழி அடை உக்காந்துக்கினு என்னை முறைக்குது. முதல்ல அதைத் தூக்குங்கக்கான்னேன். அக்கா கண்ணைத் துடைச்சுக்கினு சொன்னாங்க: "குஞ்சு பொரிச்சா தானா எறங்கிடும்பா. நீ முன்பக்கத்து வேலைய ஆரம்பி."

காணாமப் போன அட்டை

இன்ஜினைப் பிரிச்சா உள்ள ஒண்ணும் உருப்படியா இல்ல. தேய்ஞ்ச சிலிண்டரை லேத்துப் பட்டறைக்கு அனுப்பி உள்பக்கம் குடைஞ்சு போர் போட்டு, பிஸ்டனையும் ரிங்கையும் தேடி, பழைய வண்டிச் சாமான் விக்கிற புதுப்பேட்டை முழுக்க அலைஞ்சேன். வால்வு மூடியைக் கழட்டினப்பதான் ஒரு அதிசயம். எண்ணெய் கசியாம இருக்க ஒரு பேக்கிங் வைப்போம் இல்ல? ஏகாம்பரம் அதைக் கடையில வாங்கல. தறியில பூ விழறதுக்கு ஓட்டை போட்ட அட்டை கோப்பாங்களே, அதுல ரெண்டை எடுத்து, ஓட்டை மேல ஓட்டை வராம ஒட்டி, கச்சிதமா வெட்டி வெச்சிருந்தாரு. சொன்னா நம்ப மாட்டீங்க, ஒரு சொட்டு கசியல.

சோறு கொண்டாந்த கன்னியம்மாக்காகிட்ட அதைக் காட்டினேன். கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. அவங்க தறி அட்டைதான் அது. அட்டை காணாம, நெய்யற சேலையில அன்னத்துக்கு அலகு மொண்ணையாகி, அதுக்காக வீட்டுல பெரிய சண்டையாம். சிரிக்க ஆரம்பிச்சவங்க அப்படியே முந்தானையால வாயைப் பொத்திக்கினு அழுதுட்டாங்க. "நான் தொடவே இல்லடின்னு ஏகாம்பரநாதர் மேல சத்தியம் பண்ணாருபா, அந்த மகராசன்!"

மயில் கழுத்து

பெயின்ட் அடிக்கிற நேரத்துல தெருவே பட்டறைக்கு வந்துடுச்சு. எல்லாரும் நெய்யறவங்க, நிறம்னா விடுவாங்களா? ஒருத்தர் அரக்குங்கிறாரு, ஒருத்தர் மாம்பழ நிறங்கிறாரு. கன்னியம்மாக்கா ஒரு பட்டுத் துண்டைக் கொண்டாந்து வெயில்ல சாய்ச்சுப் புடிச்சாங்க. மயில் கழுத்து. நீளவாக்குல ஓடற பாவு நீலம், குறுக்கால ஓடற ஊடை பச்சை. இப்படிப் பார்த்தா நீலம், அப்படிப் பார்த்தா பச்சை. வண்டியும் அப்படித்தான் இருக்கணுமாம்.

காசிம் பாய் தலையில கைய வெச்சுக்கினு உக்காந்துட்டாரு. தகரத்துக்கு ஏது பாவும் ஊடையும்? நீலத்தை அடிச்சுக் காட்டினா, "எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலமாவே இருக்குதே பாய்"ன்னு அக்கா மூஞ்சி வாடிப்போச்சு. அதைப் பார்க்க அவருக்கு மனசு தாங்கல. மறுநாள் நான் வந்து பார்த்தா, உடம்பெல்லாம் நீலம், நாலு மட்கார்டும் பச்சை. அக்காவைக் கூட்டியாந்து நிறுத்தி, ரொம்பப் பணிவா சொன்னாரு: "நிக்காம வண்டியைச் சுத்தி வந்துக்கினே பாருங்கமா, நீலம் போயி பச்சை வரும். நின்னு பாக்கறதுக்கு நான் கேரண்டி இல்ல."

தென்னேரியில கிடைச்ச மரியாதை

புது ரிங் போட்ட இன்ஜின் இறுக்கமா இருக்கும். கொஞ்ச நாள் பதமா ஓட்டிப் பழக்கணும். ஒருநாள் தென்னேரி வரைக்கும் விட்டேன். சீட்டு மெத்தை எப்படி இருக்குதுன்னு பார்க்க, வெள்ளை ஜிப்பா போட்டுக்கினு காசிம் பாய் பின்னால தனியா உக்காந்திருந்தாரு. ஏரிக்கரையில நிறுத்தினதுதான் தாமசம், ஊரே ஓடியாந்துடுச்சு. மதகு உடைஞ்சு கிடக்குதுன்னு முறையிடறாங்க. பாய் பதறிப்போய், ஐயா நான் வெறும் டிங்கர்னு கும்பிட்டாரு. கூட்டத்துல ஒரு பெரிய மீசைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தாரு. "வோட்டு கேக்க வரலியா? அப்ப நல்ல மனுசனாத்தான் இருக்கணும். டேய், பாய்க்கு ஒரு எளநி வெட்டுடா!"

மாப்பிள்ளை அழைப்பு

வேகமா ஓடினா அந்த இன்ஜினுக்குக் காத்து கிடைக்கும், சூடு ஆறும். இதெல்லாம் தெரிஞ்ச மடையன் நான், ஊர்வலத்துல வண்டியோட வேகத்தை மெக்கானிக் முடிவு பண்றதில்ல, நாதஸ்வரக்காரர் முடிவு பண்றாருங்கிறதை மட்டும் மறந்துட்டேன். நானேதான் ஓட்டினேன், பக்கத்து சீட்டுல காசிம் பாய். பிள்ளையார் கோயில்லேருந்து ஆமை மாதிரி நகர்றோம். மூலைக்கு மூலை தவில்காரர் நின்னு வெளுத்து வாங்கறாரு. ஜனம் தலையாட்டுது, நான் இன்ஜின் மூடியையே பார்த்துக்கினு இருக்கேன். கல்யாணச் சத்திரம் கண்ணுக்குத் தெரியற தூரத்துல, ரேடியேட்டர் புஸ்ஸுன்னு பொங்கி வண்டி நின்னே போச்சு.

மேளமும் நின்னுது. "ஆரம்பமே தடங்கலா?"ன்னு அத்தைக்காரி குரல். சத்திரத்து வாசல்ல ஆரத்தித் தட்டோட நின்ன கன்னியம்மாக்கா மூஞ்சியில ரத்தமே இல்ல. பூமி பிளந்து என்னை முழுங்கிடக் கூடாதான்னு இருந்துது. அப்ப பின்சீட்டுலேருந்து மாப்பிள்ளை இறங்கினாரு. மாலையைக் கழட்டிக் காசிம் பாய் கையில குடுத்துட்டு, பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு வண்டிக்குப் பின்னால போயிட்டாரு. "மாப்பிள்ளை தள்ளலாமாடா?"ன்னு அத்தை கையப் புடிச்சு இழுக்குது. அவரு குரலை உயர்த்தல. "மாமனார் வண்டி அத்தை. நான் தள்ளாம வேற யாரு தள்ளுவாங்க?"ன்னாரு.

அவ்ளோதான், தெருவே கை வெச்சுது. நாதஸ்வரக்காரர் மறுபடி வாசிக்க ஆரம்பிச்சாரு. தவில்காரரும் தவிலைத் தோளுல ஏத்திக்கினு ஒரு கை குடுத்தாரு. வாசலுக்கு வந்ததும் நான் குனிஞ்ச தலை நிமிராம, மன்னிச்சுடுக்கா, நின்னுபோச்சுன்னேன். கண்ணுல தண்ணி வழிய மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுத்திக்கினே அக்கா சொன்னாங்க: "நல்லவேளை நின்னுதுபா. ஓடியிருந்தா இந்தப் புள்ள யாருன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

ஆக, நட்டநடு ரோட்டுல வண்டியை நிக்க விட்டதுக்காக முதல் பந்தியில இலையும், கேக்காமலே ரெண்டாம் தரம் பாயசமும் கிடைச்ச மெக்கானிக் இந்த ஊர்லயே நான் ஒருத்தன்தான்.