இரண்டாவது ரத்தம்

பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த நெடி. பஸ்ஸில் யார் சேலையிலிருந்தாவது அது வந்தால் இன்றைக்கும் எனக்குக் கொதிக்கிறது. லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

டெல்டா முழுக்கக் கூலிப் போராட்டம் நடந்த காலம். சுவரெல்லாம் ஏழைகளின் ஆட்சி என்று எழுதியிருந்தது. குத்தாலம் பக்கம், நடவுக்கு இறங்க மாட்டோம் என்று வரப்பில் உட்கார்ந்த பெண்கள்மேல் மிராசுதாரின் ஆள் பூச்சிமருந்து ஸ்ப்ரேயரைத் திருப்பினான். யுத்தத்தில் வீசுகிற நரம்பு விஷமும் அந்தப் பூச்சிமருந்தும் ஒரே வம்சம். மிராசுதார் சொன்னது இவ்வளவுதான்: “காத்து திரும்பிடுச்சு.”

போலீஸ் புகாரை வாங்கி, அந்தப் பெண்களில் ஒருவரான அஞ்சலையை எங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. வாந்தி நின்று, சுருங்கிய கண்மணி விரிந்து, உடம்பில் ஒரு அடையாளமும் மிச்சமில்லை. ரத்தத்தில் மட்டும் இருக்கும். நரம்பு ஒழுங்காக வேலை செய்யத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை இந்த விஷம் அடித்துப் போடும். சிவப்பணுவில் அது பழைய அளவுக்கு ஏற மாதக்கணக்காகும்.

கூட வந்த இன்ஸ்பெக்டர் சிரித்தார். “இப்ப என்னய்யா தேடுறீங்க? இத்தன நாள்ல குளிச்சிருக்க மாட்டாளா?”

ரத்தம் எடுத்து நொதியை அளந்தேன். ரீடிங் நார்மலின் அடிவரம்பில் நின்றது.

“நார்மல்னு எழுதுப்பா,” என்றார் டாக்டர்.

“நார்மல் ஆளுக்கு ஆள் வேற சார்,” என்றேன். “ இவங்களுக்கு மேல இருந்து எறங்கியிருக்கலாம்.”

“முன்னாடி எடுத்த ரீடிங் இருக்கா?”

யார் எடுத்தார்கள்? மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊரில், முதுகில் ஸ்ப்ரேயரை ஏற்றும் முன் ஒருவருக்கும் ரத்தம் பார்த்ததில்லை.

ஒரே வழிதான். இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுப்பது. அளவு ஏறியிருந்தால், அன்று அது விழுந்துகிடந்தது நிரூபணமாகும். அதுவரை மருந்து மேலே படக்கூடாது.

“மருந்தடிச்ச வயல் பக்கமே போகாதீங்கம்மா.”

“ஊரு பூரா வயலு, வயலு பூரா மருந்து. ஆத்துக்குள்ளயா குடியிருக்கச் சொல்றீங்க?” என்றார் அஞ்சலை.

சொன்ன நாளில் வந்தார். அவருக்கு முன்னால் அந்தப் பூண்டு மண்ணெண்ணெய் மருந்து நெடி வந்தது. வேலை தர வேறு ஆளில்லாமல், அதே மிராசுதாரின் வயலில் களை பறித்திருக்கிறார். ரீடிங் ஒரு புள்ளி ஏறவில்லை.

“பாத்தியா, அவ ஒடம்புவாகே அதான்,” என்றார் டாக்டர். கேஸ் முடிந்தது. பழைய விஷத்தின் சாட்சியைப் புது விஷம் தின்றுவிட்டது. இரண்டும் ஒரே வீட்டு டின்.

பிள்ளைகளே, நார்மல் என்று எழுதும் முன் யாருடைய நார்மல் என்று கேளுங்கள். ஸ்ப்ரேயரைக் கையில் கொடுப்பதற்கு முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லிச் சண்டை போடுங்கள்.

அன்றைக்கு ஊசி குத்திய இடத்தில் பஞ்சை அழுத்தியபடி அஞ்சலை கிளம்பினார். எனக்கு ஆற்றாமை. “அங்க போகாதீங்கன்னு சொன்னேனேம்மா.”

“போகாம கஞ்சி ஏது? ரெண்டாவது தடவ குடுக்க ஒடம்புல ரத்தம் வேணாமா சார்?”