அன்செல்மோவின் இரண்டு தப்படி

கொன்சுவேலோ என்ற அந்தச் சின்ன ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. அன்செல்மோ பாலினோவுக்கு ஊர் வைத்த பெயர் ‘ஒருவேளை’. மழை வருமா என்று கேட்டால் ஒருவேளை வெள்ளமே வரும் என்பார். ஒரு பையன் முழங்கால் வலிக்கிறது என்றால் ஒருவேளை எலும்பில் விரிசல் விட்டிருக்கும் என்பார். போன பிப்ரவரியில் அவர் இறந்தபோது, ஒலிபெருக்கி கட்டிய வண்டி அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் தெருத்தெருவாகச் சாவை அறிவித்தது. முழுப்பெயரை மட்டும் சொல்லியிருந்தால் பாதிப் பேருக்கு யாரென்று தெரிந்திருக்காது. மகள் டாரியேலாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வண்டியை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

அவர் தொழில் பையன்களைத் தேடுவது. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கண்டுபிடித்து, வீட்டோடு வைத்துச் சோறு போட்டு, பேஸ்பால் பயிற்சி கொடுத்து, பதினாறு வயதில் அமெரிக்க கிளப் ஒன்றிடம் ஒப்படைக்க வேண்டும். கிளப் பையனை விலைக்கு எடுத்தால் அதில் இவருக்கு ஒரு பங்கு. எடுக்காவிட்டால் போட்ட சோறு போட்டதுதான். ஒரு பையன் நன்றாக ஆடுகிறான் என்று கேள்விப்பட்டால் முதலில் அவன் அம்மாவைப் போய்ப் பார்ப்பார். பையன் எவ்வளவு வளர்வான் என்று தெரிந்துகொள்ள, அவளுக்குத் தோள் அகலமா, பாதம் நீளமா என்று கவனிப்பார். அந்த அம்மாக்கள் ஆரம்பத்தில் அவரைத் தப்பாக நினைத்ததும், ஒருத்தி துடைப்பத்தை எடுத்ததும் உண்டு.

ஓடாமல் நின்றுபோன சர்க்கரை ஆலைக்குப் பின்னால், துருப்பிடித்த கரும்பு வண்டிகளின் ஓரம் அவர் மைதானம். வேலியை ஒட்டி அறுபது கெஜத்துக்கு ஓட்டப் பாதை ஒன்று போட்டிருந்தார். கிளப்புகளுக்கு ஆள் பார்க்க வருகிறவர்கள் முதலில் பையனை அதில் ஓடவிட்டு ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்ப்பார்கள். மட்டையும் கையுறையும் அதற்கு அப்புறம்தான். வருகிற ஒவ்வொருவரிடமும் அன்செல்மோ தவறாமல் ஒன்று சொல்வார். மற்ற மைதானங்களில் எப்படியோ, என் கோடு சுத்தம். அவர்களும் தலையாட்டுவார்கள்.

அவர் இறப்பதற்குச் சில வருடம் முந்தி நடந்தது இது. ரைனெல் என்ற பையன் அவரிடம் வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. பந்தைத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றால் அவனைத் தாண்டிப் பந்து போகாது. பதினாலு வயதிலேயே ஒரு கிளப் வாய்ச்சொல்லாக அவனைக் கேட்டுவிட்டது. பதினாறு முடிந்ததும் சனவரியில் கையெழுத்து. அதுவரை வேறு யார் கண்ணிலும் படக்கூடாது என்பது இந்தத் தொழிலின் வழக்கம். ஆகவே போட்டி ஆட்டங்கள் நின்றன. வெளி ஆள் வந்தால் பையன் வீட்டுக்குள் போய்விடுவான். ஒளித்துவைத்த பையன் என்றே அவனைச் சொல்வார்கள்.

ஒளித்துவைத்த பையனை வைத்துக்கொண்டு அன்செல்மோ நிம்மதியாகச் சாப்பிட்ட நாள் இல்லை. மோட்டார் சைக்கிளில் ஏறக்கூடாது. கடலில் குளிக்கக்கூடாது. தென்னை மரத்தடியில் நிற்கக்கூடாது. கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று தானே விரலை விட்டுப் பார்ப்பார். பையன் வளர்ந்துகொண்டே போனது இன்னொரு கவலை. உயரம் கூடினால் சிலருக்குக் கால் மந்தமாகிவிடும். எழுத்தில் இல்லாத சொல்லை ஒரு கிளப் கைவிட நினைத்தால் அந்த ஒரு காரணமே போதும். ரைனெலின் அம்மா வேறு, கையெழுத்தை நம்பிப் பழைய வீட்டின் தகரக் கூரையைப் பிரித்துப் போட்டுவிட்டாள். அதற்கும் இவருக்குத்தான் தூக்கம் வரவில்லை.

செப்டம்பரில் மெர்சிடிஸ் மாதா திருநாள் விடுமுறைக்கு டாரியேலா வந்தாள். சாலை அளவைப் பிரிவில் அவளுக்கு வேலை. அலுவலக வண்டியில் அளவைக் கருவி இருந்தது. கேட்காமலேயே ஓட்டப் பாதையை அளந்தாள். இரண்டு தப்படி குறைந்தது.

அன்செல்மோ நம்பவில்லை. இன்னொரு முறை அளக்கச் சொன்னார். அப்போதும் குறைந்தது. அப்புறம்தான் அவருக்கு நினைவு வந்தது. நகராட்சி வடிகால் வெட்டிய வருடம், ஓட்டம் தொடங்கும் கோட்டை இரண்டு தப்படி முன்னால் தள்ளிப் போட்டிருந்தார். முடியும் கோட்டையும் தள்ள வேண்டும் என்று நினைத்தார். மழைக்காலம் வந்தது, மறந்துபோனது. அதற்குப் பிறகு எத்தனையோ பையன்கள் அதில் ஓடியாயிற்று.

அன்றைக்கே முடியும் கோட்டைத் தள்ளினார். ஓடி முடித்தவன் நிற்க இடம் வேண்டுமென்று ஒரு எலுமிச்சை மரத்தை வெட்டினார். புதுச் சுண்ணாம்பு போட்டார். மகள் ஊருக்குத் திரும்பும்போது, இப்போதுதான் நெஞ்சு லேசாக இருக்கிறது என்று சொன்னாராம். அப்படி அவர் சொன்னது அபூர்வம்.

நவம்பரில், ரைனெலைக் கேட்டிருந்த கிளப்பின் ஆள் எவாரிஸ்தோ வந்தார். இருவரும் இளவயதில் ஒரே அணியில் ஆடியவர்கள். எவாரிஸ்தோ வருவதும், பையனை ஓடவிடுவதும், கோழிக் குழம்பு சாப்பிட்டுப் போவதும் வழக்கம். ரைனெல் ஓடினான். கடிகாரம் ஆறு புள்ளி ஒன்பது நொடி காட்டியது. முழுப் பாதையில் அது நல்ல நேரம். அன்செல்மோவுக்கு உள்ளுக்குள் பாட்டே வந்தது. எவாரிஸ்தோ இன்னொரு முறை ஓடச் சொன்னார். அதே நேரம். குழம்பில் பாதியை வைத்துவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பினார்.

வைத்துவிட்டுப் போன அந்தப் பாதிக் குழம்பு அன்செல்மோவை இரண்டு நாள் அரித்தது. பையனுடைய முழங்கால், கணுக்கால், பல் எல்லாவற்றையும் பார்த்தார். வயிற்றில் பூச்சி இருக்குமோ என்று மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல், எவாரிஸ்தோ மாலையில் டோமினோ ஆடும் மளிகைக் கடைக்கே போனார். எவாரிஸ்தோ காய்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவரை ஓரமாக அழைத்துப் போனார்.

“எப்படிச் சொல்றதுன்னுதான் ரெண்டு நாளா யோசிக்கிறேன். பையன் மெதுவாயிட்டான். வெள்ளிக்கிழமை நான் மேலிடத்துக்குப் பேசணும்.”

“ஆறு ஒம்பது ஓடினானேப்பா. நீயே பாத்தியே.”

“உன் மைதானத்துல ஆறு ஒம்பது. ரெண்டு கூட்டிக்க. ஏழு ஒண்ணு. போன தடவை ஆறு எட்டு ஓடினான், நான் ஏழுன்னு வச்சுக்கிட்டேன். அதுவே இழுத்துப் பிடிச்சுதான் சொன்னேன்.”

“எதுக்கு ரெண்டு கூட்டணும்?”

எவாரிஸ்தோ சிரித்தார். “யோவ், நான் உன் பழைய ஆளு. என்கிட்டயுமா?”

அன்செல்மோ சிரிக்கவில்லை. எவாரிஸ்தோ மெல்ல மெல்ல விஷயத்தைச் சொன்னார். இந்தப் பகுதியில் ஒவ்வொரு மைதானத்துக்கும், நொடியில் பத்தில் ஒரு பங்குக் கணக்கில், ஒரு கூட்டல் உண்டு. மீசையின் மைதானத்துக்கு மூன்று. ஆற்றங்கரை மைதானத்துக்கு ஒன்று. காற்று அடித்தால் ஒன்றரை. ‘ஒருவேளை’யின் மைதானத்துக்கு இரண்டு. புதிதாக வேலைக்கு வருகிற கிளப் ஆளுக்கு முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

“அப்ப நான் கோடு சுத்தம்னு சொன்னப்ப எல்லாம்?”

“எல்லாரும் அதைத்தான்யா சொல்றாங்க. நீ கொஞ்சம் முகத்தை அசைக்காம சொல்வே. அதுக்காகவே உன்மேல எங்களுக்கு ஒரு மரியாதை.”

அன்செல்மோ அங்கிருந்த பீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். வடிகால், மழைக்காலம், மகள், கருவி, எலுமிச்சை மரம் எல்லாவற்றையும் வரிசை தப்பிச் சொன்னார். எவாரிஸ்தோவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அன்செல்மோவின் முகத்தைப் பார்த்து அடங்கினார். ஆனாலும் பேச்சை நம்பிக் கூட்டலை விட முடியாது என்றார். நாளைக்கு ஒவ்வொருவனும் கோட்டைத் திருத்திவிட்டேன் என்று வந்து நிற்பான். நாடாவால் அளந்து காட்டுகிறேன் என்று அன்செல்மோ சொன்னதற்கு, நாடாவை வெட்டி ஒட்டியவனையும் பார்த்திருக்கிறேன் என்றார். கிளப்பின் சொந்த மைதானத்துக்குக் கூட்டிப் போகலாம் என்றால், ஏன் மறுபடி சோதிக்கிறாய் என்று மேலிடம் கேட்கும். சந்தேகம் என்று ஒரு சொல் அங்கே விழுந்தால் பையன் கதை முடிந்தது.

கடைசியில் எவாரிஸ்தோவே வழி சொன்னார். “மீசையோட மைதானத்துல ஓட விடு. அவன் களவு எனக்கு நல்லாத் தெரியும். அது என்னைக்கும் மாறாது.”

மீசை என்பது லியோகாடியோ. அதே தொழில், அடுத்த ஊர். மற்றவர்கள் வளர்த்த பையன்களின் அம்மாக்களிடம் இனிப்பும் பேச்சுமாகப் போய் அவர்களைத் தன் பக்கம் இழுப்பதில் கெட்டிக்காரர். மூன்று வருடம் வளர்த்து, ஒளித்துவைத்த பையனை அந்த ஆள் கண்ணெதிரே ஓடவிட வேண்டும். விடாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு சரி. அன்செல்மோ இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தார். இரண்டிலும் பையன் போய்விடுவதாகவே தோன்றியது.

புதன்கிழமை காலை ரைனெலை எழுப்பி, இன்றைக்கு வேறு இடத்தில் ஓட்டம் என்றார்.

“ஏன் கோச்?”

“ஒருவேளை…” என்று தொடங்கினார். பையன் சிரித்துக்கொண்டே காலணியை எடுத்துக்கொண்டான்.

லியோகாடியோ நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். 

“என்ன ஒருவேளை, உன் மைதானத்துல கரும்பு முளைச்சிருச்சா?” என்றார் லியோகாடியோ. பிறகு ரைனெலைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து, “இதான் அந்தப் பொத்தி வச்ச தங்கமா? அம்மா சௌக்கியமா தம்பி? எந்தத் தெரு?” என்று கேட்டார்.

“அவங்க அம்மா ஊர்ல இல்ல” என்று அன்செல்மோ முந்திக்கொண்டார். அது பொய். ரைனெல் ஆச்சரியமாக அவரைப் பார்த்தான்.

வேலி ஓரம் வேறு இரண்டு கிளப்புகளின் ஆட்கள் நின்றார்கள். லியோகாடியோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். எவாரிஸ்தோ அவர்களைப் பார்த்தும் பார்க்காதவர்போல முடியும் கோட்டுக்குப் போனார்.

முதல் ஓட்டம் மோசம். பாதியில் பையன் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தது தெளிவாகத் தெரிந்தது. எவாரிஸ்தோ கடிகாரத்தைக் காட்டவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கினார். இன்னும் ஒன்று. அவ்வளவுதான்.

அன்செல்மோ பையனிடம் ஓடினார். கால் பிடிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, காலணி கடிக்கிறதா, மூச்சு எப்படி என்று அடுக்கினார். ரைனெல் குனிந்து முழங்காலைப் பிடித்தபடி மூச்சு வாங்கினான்.

“கோச், கோவிச்சுக்காதீங்க. நீங்க பாக்காதீங்க.”

“என்னடா?”

“உங்க மொகத்தப் பாத்தா எனக்குக் கால் பின்னுது. அங்க திரும்பி நில்லுங்க. ஓடி முடிச்சதும் கூப்பிடுறேன்.”

மூன்று வருடமாக ஒருநாள்கூட கண்ணை எடுக்காதவர் கரும்புக் காட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பையில் விட்டார், வெளியே எடுத்தார். முன்னால் ஒரு வெள்ளைக் கொக்கு, மாட்டின் முதுகில் உட்கார்ந்திருந்தது. அதையே பார்த்தார். பின்னால் காலடிச் சத்தம் எழுந்தது. அவர் எண்ணத் தொடங்கி, தப்பு எண்ணினார். சத்தம் கடந்து போனது. கடிகாரத்தின் சொடுக்கு கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை.

 பையன் கூப்பிடவில்லை. அவர் திரும்பவில்லை. கால் மரத்தது.

லியோகாடியோ ஏதாவது கேலி பேசுவார் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. காப்பிக் கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் மட்டும் வந்தது. அந்த ஆள் வாயடைத்துப் போனால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அன்செல்மோ அப்போதுதான் மெல்லத் திரும்பினார்.

எவாரிஸ்தோ அருகில் வந்து, கடிகாரத்தை உள்ளங்கையில் மறைத்துக் காட்டினார். ஆறு ஆறு. மூன்று கூட்டினால் ஆறு ஒன்பது.

“நீ சொன்னது நெசம்தான்யா. மேலிடத்துக்கு நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. எல்லாம் பழைய மாதிரியே இருக்கட்டும்.” கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தினார். “கோட்டையும் பழைய இடத்துக்கே கொண்டு போயிரு. மத்த கிளப் ஆளுங்க வந்தா ரெண்டு கூட்டத்தான் செய்வாங்க. ஒவ்வொருத்தனையும் இங்க கூட்டிட்டு வருவியா?”

திரும்பும் வழியில் ரைனெல் வண்டியிலேயே தூங்கிவிட்டான். அன்செல்மோ அவன் தலை கண்ணாடியில் இடிக்காமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு ஓட்டினார். அடுத்த இரண்டு மாதமும் தினம் பையனின் அம்மா வீட்டுக்குப் போய், யாராவது இனிப்போடு வந்தார்களா என்று விசாரித்தார். ஒருமுறை வந்திருந்தார்கள். அவள் இனிப்பை மட்டும் வாங்கிக்கொண்டாளாம். சனவரியில் கையெழுத்து நடந்தது. அன்று எடுத்த படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்செல்மோ மட்டும், பேனாவில் மை தீர்ந்துவிடுமோ என்று பேனாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை முடியும் கோட்டை இரண்டு தப்படி உள்ளே இழுத்தார். பையன்கள் யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. ஈஸ்டருக்கு வந்த டாரியேலா அதைப் பார்த்தாள்.

“மறுபடி தப்பா இருக்கேப்பா.”

“ஆமா.”

“நான் அளந்து குடுத்ததுல பிழை இல்லையே.”

“உன் அளவுல பிழை இல்லம்மா. ஊர்க் கணக்குக்கு இதான் சரி.” சுண்ணாம்பு வாளியைக் கழுவப் போனார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதன் பிறகு கோடு சுத்தம் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. கிளப் ஆட்கள் வருவார்கள், பையனை ஓடவிடுவார்கள், கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் கூட்டுவார்கள். அன்செல்மோ அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டு நிற்பார். புது ஆளாக இருந்தால், மீசையின் மைதானம் என்று நினைத்து மூன்று கூட்டிவிடுவானோ என்று அவருக்குப் பயம்.