சோடாக் கடையின் இரண்டாம் சாவி

நனைந்த சாக்கின் வாசனை இன்றைக்கும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. சித்திரை வெயிலில் கரிசல் மண் வெடித்துக் கிடக்க, ஊரே அனலாய்க் காந்தும் மத்தியான வேளையில், எங்கள் பலசரக்குக் கடையின் மூலையில் சோடாப் பெட்டிகளை அடுக்கி, மேலே ஈரச் சாக்கைப் போட்டு மூடி, அப்பா அடிக்கொரு தரம் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். அந்தச் சாக்கை விலக்கி எடுத்த "கோலி சோடா"வைக் கட்டைவிரலால் அழுத்தும்போது குண்டு உள்ளே இறங்கும் சத்தமும், கூடவே எழும் பன்னீர் மணமும்தான் எனக்குக் கோடைக்காலம்.

கோவில்பட்டியில் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு குறுகிய தெரு அது. எங்கள் கடைக்கு அடுத்தது வேலுச்சாமி அண்ணாச்சியின் சோடாக் கடை. எதிரே எண்ணெய்ச் செக்கு, அதை ஒட்டிக் கடலை மிட்டாய் போடும் வீடு, முக்கில் டீக்கடை. செக்கில் ஆட்டிய எண்ணெயைத்தான் நாங்கள் விற்போம், மிட்டாய் வீட்டுக்கு எங்களிடமிருந்துதான் வெல்லம் போகும், அங்கே போட்ட மிட்டாய் எங்கள் கடைக் கண்ணாடிச் சாடிக்கு வரும், அண்ணாச்சியின் சோடாவும், "கலர்" என்ற வண்ண இனிப்புச் சோடாவும் எல்லாக் கடைக்கும் போகும். தெருவில் ஒருவர் செய்யும் பொருளை இன்னொருவர் வெளியிலிருந்து வாங்கி வைப்பதில்லை. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். மழை பொய்த்த வருஷங்களில் எங்களிடம் சாமான் வாங்கும் புதூர்ப் பக்கத்துச் சனங்கள் கையில் ஒன்றுமில்லாமல் ஊருக்குள் வரவே தயங்கும்போது, தெருக்காரர்கள் ஒருவரையொருவர் தாங்கித்தான் எல்லார் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

அதற்கெல்லாம் அடையாளம் போல இருந்தது சாவி. ஒவ்வொரு கடைக்கும் இரண்டாம் சாவி அடுத்த கடைக்காரரிடம் இருக்கும். நோய் நொடி, நல்லது கெட்டது என்று ஒருவர் போக வேண்டி வந்தால் அடுத்தவர் கடையைத் திறந்து வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வார். கிறிஸ்மஸ் காலையில் நாங்கள் கோவிலில் பூசைக்கு நிற்கும்போது வேலுச்சாமி அண்ணாச்சி எங்கள் கடையில் அரிசி அளப்பார். அவர் தன் ஊர்க் கோவில் கொடைக்குப் போனால் அப்பா அங்கே போய் மிஷினைச் சுற்றிச் சோடா அடிப்பார். "நம்ம தெருவுக்கு வந்தவிய வெறுங்கையோட திரும்பிப் போகக் கூடாது தம்பி" என்று அண்ணாச்சி சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய சாவி எங்கள் வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஓர் ஆணியில் தொங்கும்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்த பிரிட்ஜ் வந்தது. பெரிய குளிர்பானக் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட், வெள்ளைச் சட்டையும் தோல் பையுமாக வந்து, கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜைச் சும்மாவே தருவதாகச் சொன்னார்; கடையில் வேறு சோடாவோ கலரோ இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. அப்பா யோசித்தார். நான்தான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி வீட்டில் பிரிட்ஜ் இருந்தது, அவள் பண்ணிய பெருமை எனக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் அழுதேன், சாப்பிட மாட்டேன் என்றேன். அம்மா மட்டும், "அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க" என்றாள். அப்பா கேட்கவில்லை.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. பிரிட்ஜ் வாசலில் வெளிச்சத்தோடு நின்றது. அண்ணாச்சியின் பெட்டிகள் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு இடையில், அதே ஈரச் சாக்குக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன. அண்ணாச்சி அதைப் பார்த்தார். "என்ன தம்பி, எம் பிள்ளையளுக்கு வெயில் ஆகாதுன்னு உள்ள படுக்க வச்சிட்டியோ?" என்று சிரித்ததோடு சரி.

ஒரு நாள் ஏஜென்ட் சொல்லாமல் வந்து நின்றார். நேரே உள்ளே போய்ச் சாக்கைத் தூக்கினார். "இது என்ன?" என்றார். அப்பா அவசரமாகச் சாக்கை இழுத்து மூடினார். "அது விக்கிறதுக்கில்ல சார், வீட்டுக்கு வாங்குனது" என்றார். ஏஜென்ட் நம்பாமல் என் பக்கம் திரும்பி, "அப்படியா பாப்பா? இவ்வளவும் யார் குடிப்பா?" என்று கேட்டார். பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயத்தில் நான் சொன்னேன்: "நாங்கதான் குடிப்போம். அண்ணாச்சி சோடாவை இப்ப கடையில யாரும் கேக்கிறதில்ல."

திரும்பிப் பார்த்தால் வாசலில், புதுப் பெட்டிகளை ஏற்றிய வண்டியோடு வேலுச்சாமி அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்த சத்தம் முக்கு திரும்பும் வரை கேட்டது.

மறுநாள் காலையில் எங்கள் கடைச் சாவியைக் கொண்டுவந்து கல்லாப் பெட்டி மேல் வைத்தார். "இந்தா தம்பி" என்றார், அவ்வளவுதான். தன் சாவியை அவர் கேட்கவும் இல்லை, அப்பாவுக்கு எடுத்துக் கொடுக்கக் கையும் வரவில்லை.

அந்தக் கோடையிலேயே எங்கள் கோவில் திருநாள் வந்தது. அன்றைக்கு நடக்கும் பொதுச் சாப்பாட்டை "அசனம்" என்போம். அதற்கு வருஷா வருஷம் சோடா கொடுப்பவர் அண்ணாச்சி. முந்தின நாள் சாயங்காலம் ஊரிலிருந்து ஆள் வந்து அவருடைய தம்பி இறந்துபோன சேதியைச் சொல்ல, போட்டது போட்டபடி பூட்டிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். விடிகாலையில் அப்பா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். அம்மா பின்னால் வந்து நின்று, "மறுதலிச்ச வாயால செபம் சொன்னா மட்டும் போதுமா? சாவி உங்க தலைக்கு மேலதான் தொங்குது, போய்க் கதவைத் தொறங்க" என்றாள்.

அப்பா திறந்தார். அப்பா மிஷினைச் சுற்ற, அம்மா பாட்டில் கழுவ, நான் குண்டு சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினேன். பூசை முடிந்து சனங்கள் பந்தியில் உட்காரும்போது அண்ணாச்சி கொடுப்பதாகச் சொல்லியிருந்த பத்துப் பெட்டியும் அங்கே இருந்தது. ஆண்டவர் எங்களை மன்னித்துவிட்டார் என்றே நான் நினைத்துக்கொண்டேன்.

காரியம் முடிந்து அண்ணாச்சி திரும்பி வந்தார். கழுவிக் கவிழ்த்திருந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டு எங்கள் கடைக்கு வந்தார். "பன்னீரைக் கொஞ்சம் கூட ஊத்திட்டியாமே, அசனத்துல பாதிரியாருக்கே மயக்கம் வந்துட்டுன்னு பேசிக்கிடுதாவ" என்றார். அப்பா சிரித்தார், கண்ணும் கலங்கியது. எங்கள் சாவியை எடுத்து நீட்டினார்.

அண்ணாச்சி வாங்கவில்லை. "எஞ் சாவி உங்கிட்டயே கிடக்கட்டும் தம்பி. அதுல எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா உங் கடையை நான் தொறந்து என்னத்த விக்க? அந்தப் பெட்டிக்குள்ள நிக்கிற பாட்டிலுவ ஒண்ணுக்கும் எனக்குப் பேரு கூடத் தெரியாதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போனவர் சொல்வது போலத்தான் சொன்னார். என் தலையைத் தடவி, "ஏட்டி, கூலிங்கா குடிச்சுத் தொண்டையைக் கட்டிக்கிடாத" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் என்னை ஒரு அடி அடித்திருக்கலாம்.

அடுத்த கோடைக்குள் டீக்கடையிலும் பிரிட்ஜ் வந்தது, மிட்டாய் வீட்டு வாசலிலும் வந்தது. அப்பாவே வைத்துவிட்டபோது தங்களுக்கு மட்டும் என்ன என்றார்கள். பிறகு செக்கு எண்ணெய்க்குப் பதில் பாக்கெட் எண்ணெயை நாங்களே வாங்கி வைத்தோம். வெல்லத்தை மிட்டாய்க்காரர் வெளியில் பார்த்துக்கொண்டார். அண்ணாச்சி ஒரு நாள் மிஷினை விற்றுவிட்டு, ஊரில் நாலு ஆட்டை வைத்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று போய்விட்டார். விற்பனை போதவில்லை என்று கம்பெனிக்காரர்கள் பிரிட்ஜையும் ஒரு நாள் தூக்கிக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்தில் தரை மட்டும் நெடுநாள் வெளுப்பாகக் கிடந்தது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அந்தக் கடையை இப்போது நானும் என் வீட்டுக்காரரும்தான் நடத்துகிறோம். கடை நடக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். போனில் சொன்னால் அரிசியும் பருப்பும் வீட்டு வாசலுக்கே வரும் காலம். யாரைக் குறை சொல்ல? சின்ன வயதில் எனக்கும் கண்ணாடிக் கதவுதானே அழகாகத் தெரிந்தது.

போன மாதம் மகளின் பிரசவத்துக்காக எட்டு நாள் திருநெல்வேலியில் தங்க வேண்டியிருந்தது. கிளம்பும்போது இரண்டாம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். அண்ணாச்சியின் சோடாக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். நல்ல பையன்தான். "எதுக்குக்கா சாவி? ஒரு கேமராவை மாட்டிருங்க, அங்கன இருந்துக்கிட்டே போன்ல பாத்துக்கிடலாம்லா" என்றான்.

எட்டு நாளும் கடை பூட்டிக் கிடந்தது. ஒன்பதாம் நாள் ஷட்டரைத் தூக்கியபோது கயத்தாற்றிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் பழைய வாடிக்கைக்காரப் பாட்டியம்மா வந்து நின்றாள். "ரெண்டு மட்டம் வந்து பாத்துட்டு வெறுங்கையோட போனேன் தாயி. பக்கத்துல கேட்டா ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியலையே" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் சாவியைத் திருஇருதயப் படத்துக்குக் கீழே, அண்ணாச்சியின் சாவி தொங்கும் அதே ஆணியில் மாட்டினேன். ஒன்றுக்குக் கதவு இல்லை. மற்றதற்கு, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. செபம் சொல்லத் தலை நிமிரும்போதெல்லாம் இரண்டும்தான் முதலில் கண்ணில் படுகின்றன.