கல் இல்லை என்றார்கள்

எங்கள் சாயல்குடிப் பக்கம் தண்ணீரெல்லாம் உப்பு. சிறுநீரில் ரத்தம் போனால் கல் என்று நாங்களே முடிவு கட்டிவிடுவோம். எனக்குப் போனபோதும் ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லை என்றதும் வேறெதுவும் கேட்காமல் வந்துவிட்டோம். அந்த பிலிமை என் கணவர் குளியலறை ஜன்னல் ஓட்டையில் ஒட்டிவிட்டார்.

ரத்தம் நிற்கவில்லை. உடம்புச் சூடு என்று மூன்று வருடம் வாழைத்தண்டுச் சாறு குடித்தே அலுத்துப்போனேன். போன மாசியில் மிளகாய் பறிக்கையில் மயங்கி விழுந்தேன்.

மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் பழைய பிலிமைக் கேட்டார். சோப்புக் கறையோடு கொடுத்தோம். இடது சிறுநீரகத்திலிருந்து ரத்தம் திரும்பும் குழாய் எனக்குப் பெரிய ரத்தக்குழாயின் முன்னால் போகாமல் பின்னால் போய், முதுகெலும்போடு நசுங்குகிறதாம். அதனால்தான் ரத்தம் போகிறதாம். பிறவி அமைப்பு, பலருக்குத் தொந்தரவே தராதாம்.

"இந்த பிலிம்லயே தெரியுதேம்மா. இது தெரியாம வயித்துல அந்த இடத்துல யாராவது ஆபரேஷன் பண்ணியிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார்.

"கல்லு இல்லைன்னுதான சொன்னாக" என்று முனகினார் என் கணவர்.

இப்போது ஜன்னலில் சாக்குத் தொங்குகிறது. பிலிம் ரேஷன் கார்டோடு இருக்கிறது. எந்த டாக்டர் 'ஒன்றுமில்லை' என்றாலும், "அப்ப இந்தத் தொந்தரவு எதனால வருது?" என்று கேட்காமல் நான் எழுந்து வருவதில்லை.